பழைய தொப்பியும் குதிரை லத்தியும்

பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் ஜேம்ஸ் வாட் ஒரு சிறுபையன். அடுப்படியில் உட்கார்ந்து, கெட்டில் மூடி தடதடவென்று ஆடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அத்தைக்காரி திட்டுவாள். பையன் காதில் ஏறாது. பக்கத்தைப் புரட்டினால் ரயில் கூவிக்கொண்டு வரும். நாமும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு வந்திருக்கிறோம்.

கதை அழகுதான். ஆனால் வாட் பிறந்தது 1736-ல். அதற்கு 24 வருஷம் முன்பே இங்கிலாந்தில் நீராவி எஞ்சின் ஒன்று சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. ரயிலையும் அவர் செய்யவில்லை. ஆவியால் ஓடும் வண்டி செய்யக் கிளம்பிய தன் ஆளையே வேண்டாமென்று தடுத்தவர் அவர். அதெல்லாம் போகட்டும். மூடி ஆடுகிறது என்றால் என்ன அர்த்தம்? ஆவி சந்து வழியாகத் தப்பித்துப் போகிறது என்று அர்த்தம். ஆவி தப்பிப்பதை இட்லிப் பானை வைத்த எல்லாப் பாட்டிகளும் பார்த்திருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை. தப்பவிடாமல் பிடித்து வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. அது கைகூட ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய 200 வருஷம் பிடித்தது. அந்தக் காலத்தில் சந்தை அடைக்க என்னென்னத்தைத் திணித்துப் பார்த்தார்கள் என்ற பட்டியல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் பிள்ளைகள் வரலாற்று வகுப்பில் விழித்திருந்திருப்பார்கள்.

விஷயம் சின்னது. ஓர் உருளை. அதற்குள் போய்வர ஒரு பிஸ்டன். சிக்கென்று செய்தால் நகராது. நகரும்படி செய்தால் ஓரத்தில் ஆவி ஓடிவிடும். சைக்கிள் பம்புக்குள் கிண்ணம்போல் குழிந்த தோல் வாசர் இருக்குமே, அது காய்ந்துவிட்டால் எத்தனை குத்து குத்தினாலும் டியூபில் காற்று ஏறாதே, அதே தொல்லைதான். நாம் வாசரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அவர்களுடைய பம்பின் வாய் இரண்டடி அகலம், உள்ளே கொதிக்கிற ஆவி.

தொல்லையை ஆரம்பித்து வைத்தவர் ஒரு நகராட்சித் தலைவர். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரின் மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே. 1631-ல் படைகள் வந்து கொளுத்திவிட்டுப் போன ஊர் அது. சாலை போடவும் சாக்கடை வெட்டவும் வேலை தலைக்கு மேல் கிடக்க, மேயருக்கு வெற்றிடம் என்று ஒன்று உண்டா என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு பீர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, தண்ணீரைப் பம்பால் உறிஞ்சினார். தண்ணீர் வெளியே வந்தது. பலகையின் துளைகள் வழியே காற்று இரைந்துகொண்டு உள்ளே போனது. பீப்பாய்க்குள் பீப்பாய் வைத்துப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. செம்பு உருண்டைக்கு மாறினார்; அது பட்டென்று நசுங்கி எல்லோரையும் மிரட்டியது. கடைசியில் இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து, காற்றை உறிஞ்சி, எட்டெட்டாக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்த காட்சி உலகப் புகழ் பெற்றது. குதிரைகளைப் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். அரைக்கோளங்களுக்கு நடுவே மெழுகிலும் டர்பன்டைனிலும் ஊறிய ஒரு தோல் வளையம் இருந்தது. மானத்தைக் காப்பாற்றியது அதுதான். அதற்குப் படம் இல்லை.

பிறகு வந்த டெனி பாப்பேன், பிரஷர் குக்கரின் கொள்ளுத்தாத்தா. 1690-ல் ஒரு குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே பிஸ்டன், கீழே நெருப்பு என்று வைத்துக் காட்டினார். ஆவி பிஸ்டனைத் தூக்கியது. ஆறியதும் வெளிக்காற்று அதைக் கீழே அழுத்தியது. குழாயின் விட்டம் இரண்டரை அங்குலம். ஆக, உலகின் முதல் பிஸ்டன் நீராவி எஞ்சினே ஒரு மாடல்தான். பெரியதாகச் செய்து காட்ட அவருக்குக் காசும் இல்லை, ஆளும் இல்லை.

தாமஸ் சேவரி இன்னும் கெட்டிக்காரர். பிஸ்டன் இருந்தால்தானே ஓரம் கசியும்? பிஸ்டனே இல்லாமல், ஆவியை நேரடியாகத் தண்ணீர் மேல் ஏவி ஒரு பம்பு செய்து 1698-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆவியின் சூட்டில் பற்றுவைத்த இணைப்புகள் உருகியது வேறு விஷயம். அவருடைய காப்புரிமை மட்டும் உருகவில்லை. நெருப்பால் தண்ணீர் இறைக்கும் எதுவும் என் சொத்து என்கிற மாதிரி அகலமாக எழுதி வைத்திருந்தார். பின்னால் வந்த தாமஸ் நியூகோமன் முற்றிலும் வேறு எஞ்சினைச் செய்தும், சேவரியின் குடைக்குள் நின்றுதான் தொழில் நடத்த வேண்டியிருந்தது.

நியூகோமன் டார்ட்மத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. ஞாயிற்றுக்கிழமையில் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கி. 1712-ல் டட்லி கோட்டைக்கு அருகே அவர் நிறுவிய எஞ்சினின் சிலிண்டர் 21 அங்குல விட்டம், ஏறக்குறைய எட்டடி உயரம். உட்புறத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். ஆள் தேய்த்தால் வட்டம் எப்படி வட்டமாக இருக்கும்? நியூகோமன் கவலைப்படவில்லை. பிஸ்டன் மேல் ஒரு தோல் வட்டத்தைப் போட்டார். தோலின் மேல் தண்ணீரை ஊற்றித் தேக்கிவிட்டார். சந்து எந்த வடிவில் இருந்தால் என்ன, தண்ணீர் போய் அடைத்துக்கொள்ளும். சிலிண்டர் மேலே திறந்துதான் கிடந்தது. ஆவி கீழேயிருந்து நிரம்பும், குளிர்ந்து சுருங்கும், காற்றின் கனம் பிஸ்டனைக் கீழே தள்ளும். மேலே தண்ணீர் நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கதையிலும் சந்தோஷமாகத் தூங்கிய எஞ்சினியர் இவர் ஒருவர்தான்.

அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். முதலில் ஆவியைக் குளிரவைக்க சிலிண்டரின் வெளிப்புறத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஆடி அசைந்து, ஆற அமர, ஒரு குத்து குத்தும். ஒருநாள் அது திடீரென்று வெறிபிடித்ததுபோல் மளமளவென்று குத்த ஆரம்பித்தது. தேடிப் பார்த்தால் பிஸ்டனில் ஒரு ஓட்டை. மேலே தேங்கிய தண்ணீர் அதன் வழியாக உள்ளே பீய்ச்சி ஆவியை நொடியில் சுருக்கிவிட்டது. இப்படிச் சொல்பவர் டெசாகுலியே என்ற அறிவியல் பேச்சாளர். ஸ்வீடன்காரர் ட்ரீவால்ட் சொல்வது இன்னும் ருசி. சிலிண்டர் வார்ப்பில் இருந்த ஓட்டையை ஈயப்பற்று வைத்து மூடியிருந்தார்களாம். பற்று உருகி, தண்ணீர் உள்ளே பாய்ந்து, பிஸ்டன் ஆவேசமாக இறங்கி, சங்கிலியை அறுத்து, சிலிண்டரின் அடியை உடைத்து, கொதிகலன் மூடியையும் நசுக்கியதாம். வெந்நீர் நாலாபக்கமும் ஓட, நின்றவர்களுக்கு ஞானம் பிறந்தது. இரண்டில் எது உண்மையானாலும், நீராவி யுகம் கசிவைத் தடுத்ததால் வரவில்லை. சரியான இடத்தில் கசிந்ததால் வந்தது. ஓட்டையை அடைக்காமல், அங்கேயே ஒரு குழாயை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். டெசாகுலியே படித்த பேச்சாளர் அல்லவா, இந்த இரும்புக்கடைக்காரர்களுக்குத் தத்துவமும் தெரியாது கணக்கும் தெரியாது, குருட்டு யோகம் என்கிற தொனியில் எழுதிவைத்துவிட்டார். அந்தக் குருட்டு யோகம் 50 வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவின் சுரங்கங்களை வற்றவைத்தது.

இனி வாட். 1763-64 குளிர்காலம், கிளாஸ்கோ பல்கலைக்கழகம். கருவிகளைப் பழுது பார்ப்பவரான அவரிடம் வகுப்பில் காட்டுவதற்கான ஒரு நியூகோமன் மாடல் வந்தது. லண்டனில் பேர்பெற்ற கருவிக்காரரிடம் போய்வந்தும் தேறாத நோயாளி. சிலிண்டர் 2 அங்குல விட்டம், பிஸ்டன் ஓட்டம் 6 அங்குலம். பற்றவைத்தால் நாலு குத்து குத்தும், அதற்குள் ஆவி தீர்ந்து நின்றுவிடும்.

பெரிய எஞ்சின் ஓடுகிறது, அதே அச்சில் செய்த பொம்மை ஏன் ஓடவில்லை? சிறியதாக்கினால் எல்லாமே ஒரே கணக்கில் சிறுத்துவிடாது என்பதுதான் காரணம். சிலிண்டரின் உள்ளே இருக்கும் ஆவி மளமளவென்று குறையும். அதைச் சுற்றியிருக்கும் சுவர் அந்த அளவுக்குக் குறையாது. ஒவ்வொரு குத்துக்கும் குளிர்ந்த பித்தளைச் சுவரை மறுபடி சூடாக்கவே ஆவியில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. வாட் இதை அளந்து அளந்து பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டார். 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ புல்வெளியில் நடக்கும்போது விடை கிடைத்தது. ஆவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிரவைப்பானேன்? வேறொரு பாத்திரத்துக்கு இழுத்துப் போய்க் குளிரவைக்கலாமே! அன்றைய ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடக்கூடாது. திங்கட்கிழமை வரை மனிதர் எப்படித்தான் பொறுத்தாரோ.

உடனே ஒரு மாடல் செய்தார். சிலிண்டருக்கு எங்கே போவது? பெரிய பித்தளைச் சிரிஞ்சு ஒன்றை எடுத்தார்: ஒன்றே முக்கால் அங்குல விட்டம், 10 அங்குல நீளம். உடற்கூறு படிப்பவர்கள் பிணத்தின் ரத்தக் குழாய்களில் மெழுகு ஏற்றும் ரகம் என்பார்கள். இரண்டு முனைக்கும் தகரத்தில் மூடி போட்டார். மாடல் ஜோராக வேலை செய்தது. செய்யாமல் என்ன? சிரிஞ்சு என்றால் பிஸ்டன் பொருந்தித்தானே கடைக்கு வரும்! சந்தடைக்கும் வேலையை யாரோ ஒரு சிரிஞ்சுக்காரர் ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டார். இந்தச் சூது வாட்டுக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னும் சில மாதத்தில் பெரிய எஞ்சின் தயார் என்று நம்பினார். பதினொரு வருஷம் ஆயிற்று.

ஏனென்றால் அவருடைய தத்துவமே சிலிண்டர் எப்போதும் சுடச்சுட இருக்கவேண்டும் என்பது. அப்படியானால் நியூகோமனின் தண்ணீர்க் குட்டையைப் பிஸ்டன் தலையில் கட்ட முடியாது. கசிந்து உள்ளே இறங்கினால் சிலிண்டர் ஆறிவிடும். தண்ணீரை விரட்டியாயிற்று, அதன் இடத்தில் யாரை அமர்த்துவது? இங்கேதான் நம் கதாநாயகர் பழைய சாமான் கடைக்காரராக மாறுகிறார். கார்க் வைத்தார். எண்ணெய்த் துணி வைத்தார். சணல் நார், காகிதம், அட்டை என்று வரிசையாக வைத்தார். குதிரை லத்தியையும் வைத்தார். பழைய தொப்பியையும் வைத்தார். தொப்பி யாருடையது என்று வரலாறு சொல்லவில்லை. லத்தி எந்தக் குதிரையுடையது என்றும் சொல்லவில்லை. ஆவி எல்லாவற்றையும் தாண்டி வந்தது. நவீன தொழில் யுகத்தின் வாசலில் ஒரு மேதை கையில் லத்தியோடு நிற்கும் காட்சியைத் தவிர்த்துவிட்டுத்தான் பாடநூல்காரர்கள் கெட்டிலுக்குப் போயிருக்கிறார்கள்.

1769-ல் வாங்கிய காப்புரிமையைப் படித்தால் இன்னும் வேடிக்கை. பிஸ்டனை அடைக்கத் தண்ணீருக்குப் பதில் எண்ணெய், மெழுகு, பிசின், மிருகக் கொழுப்பு, பாதரசம், உருகிய நிலையில் உள்ள பிற உலோகங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவேன் என்று மன்னருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எதை வைத்தால் அடைபடும் என்று தெரியாதவர் எழுதும் பட்டியல் இப்படித்தான் இருக்கும்.

கின்னீல் என்ற ஊரில் கூட்டாளி டாக்டர் ரோபக்கின் பணத்தில் ஒரு பெரிய எஞ்சின் எழுந்தது. சிலிண்டர் 18 அங்குலம், தகரக்காரர்கள் சுத்தியலால் தட்டி உருவாக்கியது. தட்டிச் செய்த சிலிண்டர் எப்படி இருக்கும்? மேலே வட்டம், நடுவே நீள்வட்டம், கீழே ஆண்டவன் விட்ட வழி. எங்கே நார் திணித்தாலும் வேறெங்கோ பிளந்துகொள்ளும். இந்த இயந்திரத்தைத் திருத்தமாகச் செய்யக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று பெரிய எஞ்சினியர் ஜான் ஸ்மீட்டன் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் சொன்னது சரி. வாட் தலைவலிக்காரர், எளிதில் சோர்ந்துபோகிறவர்; கண்டுபிடிப்பதைவிட முட்டாள்தனமான காரியம் வாழ்க்கையில் இல்லை என்று கடிதம் எழுதிவிட்டு, வயிற்றுப்பாட்டுக்குக் கால்வாய் அளக்கப் போனார். 1773-ல் ரோபக் திவாலானார். எஞ்சினில் அவருக்கிருந்த பங்கைக் கடன்காரர்கள் ஒரு சல்லிக்கும் மதிக்கவில்லை. பர்மிங்ஹாமின் மாத்யூ போல்ட்டன் அதைக் கைமாற்றிக்கொண்டார். புத்திசாலி, கண்டுபிடிப்பாளரோடு கடன்காரர்களின் அலட்சியத்தையும் சேர்த்து வாங்கியவர்.

சந்தை உண்மையில் அடைத்தவர் நீராவிக்காரரே அல்ல. பீரங்கிக்காரர். ஜான் வில்கின்சன், இரும்புப் பித்தர். இரும்பில் படகு கட்டி 1787-ல் மிதக்கவிட்டவர். தன் முகம் பொறித்த செப்புக் காசுகளை வெளியிட்டவர். பீரங்கிக் குழலைத் துல்லியமாகக் குடைய 1774-ல் காப்புரிமை எடுத்திருந்தார். சிலிண்டருக்காகப் பெர்ஷம் ஆலையில் வேறு ஏற்பாடு செய்தார். அதுவரை குடையும் கருவி ஒரு முனையில் மட்டும் பிடிப்போடு இருக்கும். வார்ப்பின் கோணல் எப்படிப் போகிறதோ அப்படியே கருவியும் வளைந்து போகும். வில்கின்சன் கம்பியைச் சிலிண்டருக்குள் முழுக்கச் செலுத்தி, இரண்டு முனையையும் கெட்டியாகத் தாங்கவைத்தார். கம்பி வளையவில்லை, வட்டம் வட்டமாகவே வந்தது. டிப்டன் சுரங்கத்துக்கான 50 அங்குல சிலிண்டரில் எந்த இடத்திலும் பழைய ஷில்லிங் ஒன்றின் தடிமன் அளவுகூடப் பிசகில்லை என்று போல்ட்டன் 1776-ல் பெருமையோடு எழுதினார். ஒரு ஷில்லிங் சந்து! இன்றைய மெக்கானிக் பார்த்தால் சிலிண்டரைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார். அன்றைக்கு அது அற்புதம். அந்தச் சந்தில் கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றைத் திணித்து, மேலே ஒரு வளையத்தைப் போல்ட்டுகளால் முறுக்கினால் எஞ்சின் ஓடியது. தொப்பிகள் பிழைத்தன.

இதே வில்கின்சன் பின்னால் போல்ட்டனுக்கும் வாட்டுக்கும் தெரியாமல் அவர்களுடைய எஞ்சினைத் திருட்டுத்தனமாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிச் சண்டையில் 1795-ல் அது அம்பலமானது. 1808-ல் இறந்தபோது இரும்புச் சவப்பெட்டியில் புதைக்கச் சொல்லியிருந்தார். பெட்டி அளவு பற்றாமல் வேறு செய்ய வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். ஐம்பது அங்குலத்தில் ஷில்லிங் பிசகாதவர்!

சணலுக்கும் கொழுப்புக்கும் ஆயுள் கொஞ்சம்தான். தேயும், கருகும், எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்து மறுபடி திணிக்கவேண்டும். உலோகத்தாலேயே அடைக்கலாம் என்று 1797-ல் கிளம்பியவர் எட்மண்ட் கார்ட்ரைட், விசைத்தறி புகழ் பாதிரியார். அவர் எஞ்சினில் தண்ணீருக்குப் பதில் சாராயத்தைக் கொதிக்கவைப்பது திட்டம். துண்டு துண்டான உலோக வளையங்களை ஸ்பிரிங் வைத்து வெளியே தள்ளவைத்தார். சாராயம் கசிந்தால் ஒரு பாதிரியாருக்கு எத்தனை விதமான நஷ்டம் என்பதை யோசித்தால், இவருடைய அக்கறை புரியும்.

காரியத்தை முடித்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம். ரயில்வேக்காரர். 1850-களின் தொடக்கத்தில் பிஸ்டனைச் சுற்றிச் சில மெல்லிய காடிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு உலோக வளையத்தைப் பொருத்தினார். வளையம் சிலிண்டரைவிடச் சற்றுப் பெரியது, ஓரிடத்தில் வெட்டுப்பட்டது. அமுக்கி உள்ளே நுழைத்தால் தன் முறுக்கிலேயே விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். தேயத் தேய இன்னும் கொஞ்சம் விரியும். ஸ்பிரிங் இல்லை, போல்ட்டு இல்லை, லத்தி இல்லை. இருநூறு வருஷம் பெரியவர்கள் சந்தை அடைக்கப் பார்த்தார்கள். இவர் வளையத்தில் புதிதாக ஒரு சந்தை வெட்டிக் காரியத்தைச் சாதித்தார். உங்கள் பைக்கிலிருந்து புகை வந்தால் மெக்கானிக் "ரிங்கு போயிடுச்சு சார்" என்கிறாரே, அது இந்த ராம்ஸ்பாட்டத்தின் ரிங்குதான். என் தீர்ப்பில் சிலை வைக்கவேண்டியது இவருக்கு.

அத்தோடு கதை முடிந்ததா என்றால், மேசைமேல் வைக்கும் சின்ன நீராவி எஞ்சின் செய்கிறவர்களுக்கு இன்னும் முடியவில்லை. 1898-ல் லண்டனில் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகை காலத்திலிருந்து அவர்கள் வாட்டின் பாடத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சினைப் பத்தில் ஒரு பங்காகச் சிறுக்கினால், பிஸ்டனைத் தள்ளும் பரப்பு நூறில் ஒன்றாகிவிடும்; கசியும் விளிம்பு பத்தில் ஒன்றாகத்தான் குறையும். சந்தோ, உங்கள் கை எவ்வளவு நுட்பமோ அவ்வளவுதான் குறையும். அரை அங்குலப் பிஸ்டனுக்கு ராம்ஸ்பாட்டம் ரிங் செய்வதற்குள் பாதி ரிங்குகள் காடியில் ஏறுமுன்பே ஒடிந்துவிடும். அதனால் கிராஃபைட் தடவிய நூலைப் பின்னிக் காடியில் சுற்றுகிறார்கள். வாட்டின் சணலேதான், சற்று நாகரிகமாக. விலை மலிவான பொம்மை எஞ்சின்களில் ஒன்றுமே கிடையாது; பித்தளைக்குள் பித்தளை, நடுவே எண்ணெய், மிச்சத்துக்குப் பிரார்த்தனை.

இருபதாம் நூற்றாண்டு இரண்டு வரங்களைத் தந்தது. ஒன்று, ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டன்சன், எழுபது வயதைத் தாண்டி, 1937-ல் இந்த ரப்பர் வளையத்துக்குக் காப்புரிமை கேட்டார். மற்றது டெஃப்லான். 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் ஒரு வாயு சிலிண்டரின் வால்வைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு. கசியாத சிலிண்டரைத் தேடி ஒரு கூட்டம் இரண்டு நூற்றாண்டு அலைந்தது. திறந்துவிட்டும் கசியாத சிலிண்டர் ஒன்று இவரிடம் தானாக வந்து சேர்ந்தது. ஆனால் டெஃப்லானை நம்பிப் பிஸ்டன் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சூட்டில் அது உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். ஆறிய நிலையில் கச்சிதமாகப் பொருந்தியது, ஆவி ஏறியதும் சிலிண்டருக்குள் ஆப்பாகிவிடும்.

ஓ-ரிங் போடுகிறவர்கள் சூடு தாங்கும் 'விட்டான்' (Viton) ரப்பர் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். காடியை வளையத்தின் தடிமனைவிடச் சற்று அகலமாக வெட்டி, வளையம் சிலிண்டர் சுவரை லேசாகத் தொடும்படி மட்டும் ஆழத்தை வையுங்கள். பெரிய எஞ்சின் அட்டவணையைப் பார்த்து இறுக்கினால் உராய்வே எஞ்சினைத் தின்றுவிடும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், ஆவி கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்டீம் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். நெருப்பு மூட்டுமுன் சக்கரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சிரமமில்லாமல் சுற்றவேண்டும். சுற்றவில்லையென்றால் கழற்றி, காடியை இன்னொரு மயிரிழை ஆழமாக்குங்கள்.